முதலிடத்தில் அழகர்

அழகரின் வீட்டுக் கதவைத் தட்டும்போது ஜனகனுக்குத் தன் சொந்த மகனே பரிசு வாங்கியது போல ஒரு பெருமை.

கம்பளை பஸ் நிலையத்திலிருந்து ஏற்றம் ஏறி வந்ததில் சட்டை நனைந்திருந்தது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

தகவல் தொழில்நுட்பத் துறையின் உற்பத்தித்திறனைக் கூட்டுவதற்கென்று அரசாங்கம் ஓர் உதவித் திட்டம் கொண்டுவந்திருந்தது. கண்டியில் ஜனகன் நடத்தும் சின்னக் கம்பனிக்கும் அதில் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆளுக்கொரு லெப்டொப் தந்தார்கள். யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் மென்பொருள் ஒன்றையும் அதற்குள் போட்டுத் தந்தார்கள்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. வெளிநாட்டுக் கடையொன்றின் உடுப்புப் படங்களைப் பார்த்து நிறம், அளவு, கை நீளம் என்று குறித்து அனுப்ப வேண்டும். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பிள்ளைக்குச் சோறூட்டப் போனார்கள்.

அழகர் எழும்புவதே இல்லை. மாதா மாதம் முதலிடம் அவனுக்குத்தான்.

வீண் பேச்சும் கிடையாது. என்ன செய்தி அனுப்பினாலும் உடனே ‘சரி சேர்’ என்று பதில் வரும். பாராட்டினாலும் சரி சேர், ஏசினாலும் சரி சேர். ஊழியன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்லிக் காட்டி, ஜனகன் அவர்களுடைய வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தான்.

நாளை கண்டியில் விழா. திட்டத்தின் சிறந்த ஊழியன் என்று அழகரை மேடையேற்றி, கம்பனிக்கான அடுத்த கட்ட உதவியையும் அங்கேயே அறிவிக்கப் போகிறார்கள். விஷயத்தை எழுதி அனுப்பியபோதும் ‘சரி சேர்’ என்றுதான் பதில் வந்தது. போனை மட்டும் அவன் எடுக்கவில்லை. கூச்சக்காரன், கடைசி நேரத்தில் கழுத்தறுத்துவிடுவான் என்று பயந்துதான் ஜனகன் நேரில் வந்தான்.

கதவைத் திறந்தவள் அழகரின் மனைவி சுபாஜினி. துணிக்கடைக்கு வேலைக்குப் போகக் கிளம்பி நின்றாள். கம்பனியின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

“அழகர் எங்க தங்கச்சி? நல்ல செய்தியோட வந்திருக்கேன்.”

அவள் அவனையே பார்த்தாள்.

“என்ன சேர் இப்படிக் கேக்குறீங்க? அவரு எறந்து அஞ்சு மாசமாகுதே. அன்னைக்கே உங்க ஒபிசுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். யாரோ ஒரு மிஸ் சிங்களத்துல பேசிட்டு வச்சாங்க.”

ஜனகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போனைத் திறந்து பார்த்தான். அழகரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. இந்த நிமிடம் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம்.

இவள்தான் அவன் வேலையைச் செய்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் அவள் அவன் முன்னால் நிற்கிறாள். அவர்களுடைய சின்ன மகள் நேசரிப் பள்ளிக்குப் போய்விட்டாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

சுபாஜினி உள்ளறைத் திரைச்சீலையை விலக்கிக் காட்டினாள். மேசை மேல் லெப்டொப் திறந்திருந்தது. முன்னால் கதிரைகூட இல்லை.

திரையில் ஒரு சிவப்புச் சட்டை வந்தது. அம்புக்குறி தானாக நகர்ந்து நிறத்தைக் குறித்தது, கை நீளத்தைக் குறித்தது. சட்டை போய் நீலப் பாவாடை வந்தது.

ஜனகனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேறொருவன் என்றால் பேய் என்று ஓடியிருப்பான். இவன் படித்த படிப்பு இவனைப் பிடித்து நிறுத்தியது. தன் வேலை முழுவதையும், மேலதிகாரிக்குப் பதில் சொல்வது உட்பட, அந்த மனுசன் கம்பியூட்டருக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

“நோய் வருத்தம் முத்தின பெறகும் படுத்த படுக்கையிலயே இத வச்சுத் தட்டிக்கிட்டே இருந்தாரு சேர். என்ன நடந்தாலும் இத மட்டும் நிப்பாட்டாத புள்ளன்னாரு. அவரு ஆசையாச்சேன்னு அப்படியே விட்டுட்டேன்.”

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“அவரு போன பெறகும் மாசா மாசம் சம்பளம் போடுறீங்களே. இந்தக் காலத்துல எந்தக் கம்பனி செய்யும்? அதுலதான் சேர் மகளுக்குப் பால்மா வாங்குறேன்.”

அந்தக் கும்பிடு தனக்குரியதல்ல என்று ஜனகன் சொல்ல நினைத்தான். ஆனால் கண் திரும்பவும் அந்தத் திரைக்கே போனது.

இது நின்றால் சம்பளமும் நிற்கும். அது அவளுக்குத் தெரியாது. அழகருக்குத் தெரிந்திருந்தது. இப்போது ஜனகனுக்கும் தெரியும்.

அவன் லெப்டொப்பையே பார்த்துக்கொண்டு நின்றதை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

“கேக்கக் கூச்சப்படாதீங்க சேர். இத எடுத்துக்கிட்டுப் போகத்தானே வந்தீங்க. அரசாங்கத்துச் சாமான நாங்க இன்னும் வச்சிருக்கிறது ஞாயமில்ல.”

சொல்லிக்கொண்டே லெப்டொப்பின் மூடியில் கை வைத்தாள். திரை பாதி சாய்ந்தது.

ஜனகன் பாய்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டான். அவள் மிரண்டு போனாள்.

“மூடாதீங்க தங்கச்சி,” என்றான். “அவரு இன்னும் வேலையிலதான் இருக்காரு.”