சாரலில் ஒரு தண்ணீர்த் தொட்டி

"இந்தச் சங்கத்தால நமக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்காமல் வண்டிக்காரன் கடற்கரைக்குப் பொழுது விடியாது. தென்காசி ஸ்டேஷன் குதிரைவண்டிக்காரர்களிலேயே பெரிய வாய் அவனுக்குத்தான். சங்கத்துக்குச் சந்தா கேட்டால் முகம் சுண்டிப்போகும்.

அந்தச் சீசனில், பாவம், அவன் குதிரைக்கு முன்னங்கால் வீங்கிவிட்டது. ரயிலில் ஜனம் வந்திறங்கிக் குற்றாலத்துக்கு வண்டி தேடுகிற நேரம். சீசனில் ஒருவன் வண்டி வராவிட்டால் அவன் லைசென்ஸ் வில்லையைப் பிடுங்கி, காத்துக்கிடக்கிற இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ரயில்வே துரை போட்ட சட்டம் அப்படி. வில்லை போனால் பிழைப்பே போச்சு.

கடற்கரை யாரிடமும் மூச்சு விடவில்லை. நொண்டுகிற குதிரையை மெள்ள ஓட்டிவந்து, வீங்கின காலை மறைத்தாற்போல் நின்றுகொண்டான். சவாரிக்கு வந்தவர்களை என்னமோ சொல்லித் தட்டிக்கழித்தான். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

அன்று சாயங்காலமே சங்கத் தலைவர் ஹபீபுல்லா எல்லோரையும் கூட்டினார். ஸ்டேஷனில் குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தரும்வரை ஒரு வண்டியும் ஓடாது என்று சொல்லிவிட்டார்.

வெளியே சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

கடற்கரைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த வாய் சும்மா இருக்குமா?

"வானமே ஒழுகுது, தொட்டி என்னத்துக்குப் பாய்? சீசன் நேரத்துல வயித்துல அடிக்கியளே, இதுக்குப் பேரு சங்கமா?" என்று ஒரு பாட்டம் ஏசித் தீர்த்தான். மற்றவர்கள் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். விவரங்கெட்ட பயல்கள் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

வீட்டில் அவன் பெண்டாட்டி மாடத்தி நொச்சியிலை வதக்கிக் குதிரைக்கு ஒத்தடம் கொடுத்தாள். வீக்கம் கொஞ்சங் கொஞ்சமாக வடிந்தது. குதிரை நாலு காலையும் ஊன்றி நடந்த அன்றைக்கு, வேலைநிறுத்தம் முடிந்தது என்று சங்கத்திலிருந்து ஆள் வந்து சொன்னான்.

வண்டியைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் தொட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடற்கரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னிலையிலும் ஹபீபுல்லாவைப் பிடித்துக்கொண்டான்.

"தொட்டியும் வரலை, எல்லாருக்கும் வரும்படியும் போச்சு. யாருக்காகப் பாய் இந்த ஸ்டிரைக்கு?"

அவர் குனிந்து, அவன் குதிரையின் முன்னங்காலைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா ஊனுதுல்லா?" என்றார். "ஏலே, ஒருத்தன் வண்டி மட்டும் வரலைன்னா துரை வில்லையைப் பிடுங்கிருவான். ஒருத்தன் வண்டியுமே வரலைன்னா, யார் வில்லையைன்னு பிடுங்குவான்?"