திருவக்கரை வீட்டின் முதல் விருந்தாளிகள்

பதினோரு மணிக்கு வர வேண்டியவர்கள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள்.

நான் ஏணியில் நின்று கூடத்தில் பிரம்பு விளக்கை மாட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக ஆட்டோ வந்து நிற்பது தெரிந்தது. அறுபதை ஒட்டிய ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். கையில் ஒரே ஒரு துணிப்பை.

பதிவில் இருந்த பெயர்கள் சவுரிராயன், அம்சா. ஊர் திண்டிவனம். ஒரு நாள் தங்கல்.

அந்த ஊர்தான் இரண்டு நாளாக எனக்குப் புரியவில்லை. பாண்டிச்சேரிக்கு வருகிற சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் கூட்டத்துக்குப் பயந்து இந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்று நினைத்துத்தான் இந்த வீட்டை நாள் வாடகைக்கு விடுகிற வீடாக மாற்றியிருந்தேன். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் திருவக்கரைக்கு ஒரு மணி நேரம். கோயிலுக்கு வருகிறவர்கள்கூடச் சாயங்காலமே திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து யார் இங்கே வந்து வாடகைக்குத் தங்குவார்கள்?

சவுரிராயன் கேட் அருகிலேயே நின்றுவிட்டார். அம்சா மட்டும் வந்தார். ஆனால் முன்வாசலுக்கு வரவில்லை. மதிலை ஒட்டிய சந்துக்குள் திரும்பி நேராக வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

"இப்படி வாங்கம்மா, முன்பக்கம்" என்று ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

திரும்பி வந்தார். படியேறும் முன் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

உள்ளே வருகிறவர்களின் கண் முதலில் எதில் விழும் என்று ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். காரையைச் சுரண்டிச் செங்கல் தெரிய விட்ட சுவர். கயிற்றை முடிச்சு முடிச்சாகப் பின்னிய தொங்கல். தரையிலேயே மெத்தை, அதன்மேல் ஒன்றுக்கொன்று சேராத நிறங்களில் பத்துத் தலையணை. மண்பானையில் காய்ந்த நாணல் பூ. இந்த நாடோடி பாணி அலங்காரத்துக்குப் போஹோ என்று பெயர் சொன்னால் வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள். முதல் விருந்தாளி எழுதப்போகும் நாலு வரியைப் பொறுத்துத்தான் அடுத்தவர்கள் வருவார்கள்.

அம்சா இவை எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இது முன்ன இன்னா ரூமும்மா?"

நெல் மூட்டை அடுக்கிய அறை என்றேன். அடுத்தது சாமி அறை. அதற்கடுத்தது வீட்டுப் பெரியவர் படுத்த அறை. விடைத்தாளைச் சரிபார்க்கிறவர் போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

கடைசிச் சின்ன அறையைப் படிக்கிற அறை என்றேன்.

"படிக்கறதுக்குன்னே ஒரு ரூமா" என்றார். அங்கே மட்டும் உள்ளே போய் நின்று நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தார்.

சமையலறைத் தொட்டியில் தண்ணீர் தேங்கி நின்றது. காலையில் வந்த பிளம்பர் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் போயிருந்தார். சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று மன்னிப்புக் கேட்டேன்.

அம்சா பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார். "மாட்டுக்கொட்டா மூலையில சதுரமா ஒரு கல்லு இருக்கும் பாரு. அத்தத் தூக்கினா போயிடும்."

போய்த் தூக்கினேன். கல்லுக்கடியில் சருகு அடைத்துக்கொண்டிருந்தது. இழுத்துப் போட்டதும் தண்ணீர் சலசலவென்று ஓடியது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பதினோரு வருஷம் அந்தக் கல்லத் தூக்கிக் கழுவிக்கினு இருந்தது நான்தானே. இந்தக் கதவு வரைக்கும் எனக்கு எல்லாம் தெரியும். இத்தத் தாண்டி உள்ள எப்பிடி இருக்கும்னுதான் தெரியாது."

குரலில் குறை எதுவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார்.

மகள் சென்னையில் நர்ஸாம். இவர்களுடைய கல்யாண நாளுக்கு ஊட்டியா, கொடைக்கானலா என்று கேட்டாளாம். அந்தச் சமயத்தில்தான் யாரோ இந்த வீட்டின் படத்தைப் போனில் காட்டியிருக்கிறார்கள். ஊட்டி எங்கேயும் ஓடிவிடாது என்று மகளிடம் சொல்லிவிட்டாராம்.

பேசிக்கொண்டே கூடத்துக்கு வந்தவர் உட்காரவில்லை. ஒரு கையால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வூட்டுக்காரங்க யாராச்சும் வருவாங்களாம்மா? காந்திமதியம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். அவங்களுக்கு ஒரு பொண்ணு இருந்திச்சே, அது வருமா?"

கீழே சரிந்திருந்த ஒரு தலையணையை எடுத்து மெத்தையில் வைத்தேன்.

"யாரும் வர மாட்டாங்கம்மா. நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் இது உங்க வீடு."

என் முகத்தையே பார்த்தார். பிறகு மெத்தையில் உட்கார்ந்தார். ஒரு தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இன்னாய்யா, அங்கியே நின்னுக்கினு இருக்க? உள்ள வா."

சவுரிராயன் முன்படியில் ஏறி வந்தார். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்சாவின் முகத்தை என் சின்ன வயது நினைவில் தேடினேன். பதினோரு வருஷம். ஒரு சாணி வாளியும், அதைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு முதுகும் வந்தன. முகம் வரவில்லை.

எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.

அப்பா போடுவார், அம்மா போடுவார், பல நாள் நானே போட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்தை வெளியே நின்று கேட்டது அன்றுதான் முதல் தடவை.