செத்த கம்பி

சண்டிலிப்பாயில் கரண்ட் நின்று மூன்று வருடமாகியும், வீட்டு வளவுக்கு மேலே வடக்குத் தெற்காக ஓடிய மின்கம்பியைத் தொடப் பராசக்தி விடவில்லை. அதை வெட்டி உடுப்புக் காயப்போடக் கொடி கட்ட நினைத்த அவள் கணவர், பௌதிக மாஸ்டர் சோமசேகரத்துக்கு அது பெரிய பகிடி.

"செத்த கம்பிக்குப் பயப்பிடுறாய்! உன்ரை மூளையும் கரண்டோடை போட்டுதோ?"

அவளை வெட்கப்படுத்தவே திசைகாட்டியைக் கொண்டுவந்தார். நீண்ட கம்பியில் மின்னோட்டம் இருந்தால் அதைச் சுற்றி வளையம் வளையமாகக் காந்தப்புலம் எழும். கீழே பிடித்த ஊசி வடக்கை விட்டுக் குறுக்கே திரும்பும். மின்னோட்டம் இல்லையென்றால் வடக்கிலேயே நிற்கும்.

கம்பிக்குக் கீழே பிடித்ததும் ஊசி குறுக்கே திரும்பியது. கிணற்றடிக்குக் கொண்டுபோனபோது மறுபடி வடக்கைக் காட்டியது.

"இஞ்சாருங்கோ, ஏறாதேங்கோ," என்று பராசக்தி கையைப் பிடித்தாள்.

"போடி, உனக்கும் உந்த ஊசிக்கும் ஒரே புத்தி."

ஏணி வைத்து, கம்பியைத் தாங்கிய இரண்டு போஸ்டிலும் ஏறி வெட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கம்பியைச் சுருட்டி விறாந்தையில் எறிந்துவிட்டு, இளக்காரமாகச் சிரித்தபடி திசைகாட்டியைப் பழைய இடத்தில் பிடித்தார்.

மேலே வெறும் வானம். ஊசி குறுக்கேதான் நின்றது.

பராசக்தி ஈர உடுப்புகளைக் கொண்டுபோய் வேலியில் விரித்தாள். போஸ்டில் சாய்ந்து நின்ற ஏணியை எடுக்க மாஸ்டர் பிறகு போகவேயில்லை.