பெல்வினின் லைன்

அவன் பெயருக்கு நேரே மறுபடியும் உயிர் வந்தது.

காலையில் ஏறக்குறைய இந்த நேரத்துக்குத்தான் வரும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறாள். டீ கூடக் குடிப்பதில்லை. சர்வரோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பாள். பெயர்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் நேரே அந்தப் பக்கத்திலிருந்து கடைசியாகச் சத்தம் வந்த நேரமும் இருக்கும்.

நடுவில் பெல்வின்.

பெல்வின் இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

டெங்கு. நாகர்கோவிலில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான். லேப்டாப்பை ஆஃப் செய்துவிடாதீர்கள், வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அவர் ஆஃப் செய்யவில்லை.

தினமும் காலையில் சார்ஜ் போடுகிறார். திறந்து, துண்டால் திரையைத் துடைக்கிறார். கொஞ்ச நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பிறகு மூடிவைக்கிறார். செத்துப்போனவனின் பெயர் முதல்நாள் திரையில் உயிர்பெற்றபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. உடனே அவன் வீட்டுக்குப் போன் போட்டாள். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். பிள்ளை கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வேலை. ஒருநாள் விடாமல் செய்துவருகிறார்.

மற்றவர்களின் லைன் இப்படி இல்லை. நெட் போனால் அறுந்துவிடும். அறுந்தால் அறுந்ததுதான், கொஞ்ச நேரத்தில் சர்வர் தலைமுழுகிவிடும். பெல்வின் போட்டுவைத்திருந்தது வேறு வகை. அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராவிட்டாலும் சர்வர் விட்டுவிடாது. ஆள் எப்போது திரும்பி வந்தாலும், எந்த ஊரிலிருந்து வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதற்காக அவனோடு எத்தனை சண்டை. பதிலே சொல்லாத ஆளுக்காக சர்வர் எதற்குத் தேவுடு காக்க வேண்டும் என்பாள்.

"எங்க ஊர்ல ஒரு மழை பெஞ்சா கரண்டு போவும், நெட்டும் போவும். லைன் போச்சுன்னா ஆளே போயிட்டான்னு அர்த்தமா?" என்பான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். அவனிடம் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. அவசரம் என்ன, ஆள் எங்கே போய்விடப் போகிறான் என்று தள்ளிவைத்திருந்தாள். பாவி.

இன்று அந்தப் பழைய சர்வருக்குக் கடைசி நாள். பதினொரு மணிக்கு அவள்தான் அதை நிறுத்த வேண்டும்.

பெல்வினின் கணக்கை மூடும்படி மேனேஜர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இன்று சாக்கெல்லாம் தீர்ந்துபோனது. பெல்வினின் அப்பாவிடம், அந்தப் பெரியவரிடம், நேற்றே சொல்லியிருக்க வேண்டும். போனை எடுத்தாள், திரும்ப வைத்துவிட்டாள். காலையில் அவர் மூடிவைத்த பிறகு லைனை அறுத்துவிடலாம் என்று தீர்மானித்தாள். அவர் கண்ணெதிரே அறுந்துபோகக் கூடாது.

இன்று பார்த்து அவர் மூடவே இல்லை.

நிறுத்துவதற்கு முன்னால் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்புவது வழக்கம். இணைந்திருக்கும் ஒவ்வொருவர் திரையிலும் அது தானாக வந்து விழும். வேலையைப் பத்திரப்படுத்திவிட்டு வெளியேறுங்கள் என்று இங்கிலீஷில் இரண்டு வரி. பழக்கதோஷம். யோசிப்பதற்குள் விரல் பொத்தானைத் தட்டிவிட்டது.

பெயர்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லோருக்கும் என்றால், எல்லோருக்கும்தான்.

போன் அடித்தது.

"மக்களே..." பெல்வினையும் அவளையும் பெரியவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு மூச்சு வாங்கியது. "ஸ்கிரீன்ல தன்னால எழுத்து வந்திருக்கு. நான் ஒண்ணும் தொடல்ல, சும்மா இருந்து பாத்துக்கிட்டிருந்தேன். இங்கிலீசுல இருக்கு. என்ன எழுதியிருக்கான்னு வாசிச்சுச் சொல்லு மக்களே."

எழுதியிருக்கான் என்கிறார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அது நான் அனுப்பியது அப்பா, என் கைத்தவறு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை. பொய் சொல்லவும் தெரியவில்லை. அந்த இரண்டு வரியும் அவள் திரையிலும் இருந்தன. யாரோ எழுதியதைப் போல அவற்றை மறுபடி வாசித்தாள்.

"வேலை முடிஞ்சுதாம்ப்பா" என்றாள். "எல்லாம் பத்திரமா இருக்காம். மூடி வச்சுடலாமாம்."

அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அவளுக்கும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவனே சொல்லிட்டாம்லா" என்றார் கடைசியில். "இனி சரி."

லேப்டாப்பை மூடும் சத்தம் போனில் கேட்டது.

அவள் திரையைப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். பெல்வின் பெயர் மட்டும் இருந்தது. அங்கே மூடிவிட்டார்கள் என்பது சர்வருக்குத் தெரியாது. அது பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

இன்னும் ஒரு நிமிஷம் என்று அவள் விரலை உயர்த்திக் காட்டினாள்.