தையற்காரம்மாவின் சைக்கிள்

கடைக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, தையற்காரம்மாவின் காலடியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார் அவளுடைய வீட்டுக்காரர். அவள் பாதத்தைப் பிடித்துப் பெடலில் வைத்து, முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று குனிந்து குனிந்து பார்த்தார்.

“சீட்டை இன்னும் ஒரு விரல் ஏத்துங்க தம்பி. முட்டி வலிச்சுதுன்னா ரெண்டே நாள்ல ஓரமா போட்டுடுவா.”

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் தடுக்கி விழுந்தால்கூட, “பாத்து வரக்கூடாதா?” என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டுகிற மனுஷன் இவர். இன்றைக்கு மழை கொட்டாமல் வீடு போய்ச் சேர்ந்தால் சரி என்று நினைத்துக்கொண்டாள்.

ஐம்பதை நெருங்கும்போதே சர்க்கரை வந்துவிட்டது. தினமும் உடம்பு அசைந்தே ஆகவேண்டும், நடையோ சைக்கிளோ உங்கள் இஷ்டம் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். நடந்தால் குதிகால் வலியில் உயிர் போகிறது. சைக்கிள் சின்ன வயதிலேயே பழகியது.

கடைக்குள் வந்ததும் அவள் நேரே போய்க் கை வைத்தது, முன்னால் கூடை மாட்டிய சாதா சைக்கிளில்தான். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

“அதுல தெருமுனை வரைக்கும்தான் போவே. ரொம்ப தூரம் போயிட்டு வர்ற மாதிரி வண்டி காட்டுங்க தம்பி.”

கடைக்காரர் வரிசையாகக் காட்டினார். “ரேஸ் வண்டின்னா குனிஞ்சே ஓட்டணும், அக்கா முதுகு தாங்காது. மலையேறுற வண்டிக்கு டயர் பெருசு, ரோட்டுல மிதிச்சு மாளாது. இந்த ஹைப்ரிட் ரெண்டுக்கும் நடுவுல. நிமிந்து உக்காந்து, அலுப்பில்லாம எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகலாம்.”

“ஏங்க, இது வெல ஜாஸ்தி போலிருக்கே.”

“நீ சும்மா இரு. வெலையப் பாத்தா உடம்பப் பாக்க முடியுமா?”

ஏறி உட்கார்ந்து பார்த்தாள். முதுகு நேராக நின்றது.

“எப்படிக்கா இருக்கு?”

“இருபது வருஷமா தையல் மெஷினை மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன் தம்பி. இப்பத்தான் இடத்தை விட்டு நகரப் போறேன்.”

கடையே சிரித்தது. வீட்டுக்காரரும் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எல்லாம் அவர்கள் குடியிருக்கும் வீட்டால் வந்த சண்டை. விற்றுவிட்டு ஏதோ வியாபாரத்தில் போடவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். பத்திரம் அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கடன் முழுக்க அவளுடைய தையல் காசில் அடைந்தது. செத்தாலும் விற்க விடமாட்டேன் என்று அவளும் நின்றாள்.

வாசலை ஒட்டிய அறையில்தான் அவளுடைய மெஷின். பொழுதுக்கும் அங்கேயே இருப்பாள், அவளைத் தாண்டி ஈ காக்காய் உள்ளே போகமுடியாது. ஒரு தடவை யாரோ வீடு பார்க்க வந்தபோது, கையில் கத்தரிக்கோலோடு எழுந்து, “யாரைக் கேட்டு வந்தீங்க?” என்றாள். வந்தவர்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவிட்டார்கள்.

போன மாதம்தான் அவராகவே இறங்கி வந்தார். “சரி, விக்கல. விடு” என்றார். இப்போது சைக்கிள் வேறு. இந்த மனுஷனையா வாய்க்கு வந்தபடி ஏசினோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“விடியக்காலையில ஓட்டுங்கக்கா” என்றார் கடைக்காரர். “அஞ்சரைக்குக் கிளம்பிட்டீங்கன்னா ரோடும் காலி, வெயிலும் இருக்காது.”

“இருட்டுல எதுக்கு? எட்டு மணிக்கு மேல போகட்டும். நல்லா வெளிச்சம் வந்துடும்” என்றார் வீட்டுக்காரர். “ஏரி வரைக்கும் போயிட்டு நிதானமா வரட்டும்.”

“எட்டு மணிக்கு மேல வெயில் ஏறிடுமே சார்.”

“ஒரு தொப்பியும் சேத்துக் குடுங்க.”

தொப்பியை அவரே வாங்கி அவள் தலையில் வைத்துப் பார்த்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீங்களும் ஒண்ணு வாங்கிக்குங்களேன். ரெண்டு பேருமா போயிட்டு வரலாம்.”

“எனக்கு எதுக்கும்மா? நீ கவலையில்லாம போயிட்டு வா. வீட்டை நான் பாத்துக்கறேன்.”

“ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வாங்கக்கா” என்று கடைக்காரர் வண்டியைத் தெருவில் இறக்கிவிட்டார்.

முதலில் கொஞ்சம் தள்ளாடினாள். தெருமுனை திரும்புவதற்குள் கை பழகிவிட்டது. முகத்தில் காற்று அடித்தது. ராத்திரி அவரை உட்கார வைத்து, நான் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் இறங்கிப் போனதே இல்லை. இன்றைக்குப் போகலாம் என்று தோன்றியது.

தெருவைச் சுற்றிக்கொண்டு கடையின் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்தாள். அங்கே சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, வீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். புது வண்டி, துளிச் சத்தம் இல்லை. பின்னாலேயே போய் நிறுத்தி, மணியடித்துத் திடுக்கிட வைக்கலாம் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலைக் கொண்டுபோனாள்.

“நாளையிலேருந்து எட்டு மணிக்கு மேல அவ இருக்கமாட்டா புரோக்கர் சார், வீடு பாக்கறவங்களைத் தாராளமா கூட்டிட்டு வாங்க.”