ஒட்டிக்கொண்ட அட்டை

ஆங்கில வகுப்பின் சொல் அட்டைப் பெட்டிக்குள் 'அஃப்ரெய்ட்' என்ற அட்டை அழுதுகொண்டிருந்தது.

"என் அர்த்தம் பயம். என்னைக் கையில் எடுத்ததுமே எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க."

"எதைச் செய்யப் பயம்னு நீ சொல்றதே இல்லையே! என் அர்த்தம் பேச. நானும் கூட வரேன்டா," என்று 'டு ஸ்பீக்' அட்டை அதோடு ஒட்டிக்கொண்டது.

அன்று தையல்காரர் மெஹருன்னிசாவின் கையில் இரண்டும் சேர்ந்தே வந்தன. மூன்று வாரமாக வகுப்பில் வாயே திறக்காதவர் அவர். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"ஐ ஆம் அஃப்ரெய்ட் டு ஸ்பீக்."

பேசப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னது கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"அடேய், பேசிட்டாங்க!" என்றது அஃப்ரெய்ட்.

"உஷ், இன்னும் முடிக்கலை," என்றது டு ஸ்பீக்.

மெஹருன்னிசா அடுத்த அட்டைக்காகப் பெட்டிக்குள் கைவிட்டார்.