அண்டாவில் யார் பெயர்?

"என்ன பேரு வெட்டணும், சொல்லுங்கம்மா" என்றார் சடையன், மிஷினின் முனையைத் துடைத்தபடி.

"மாறன்" என்றார் மூர்த்தி.

"ஓவியா" என்றாள் ராணியம்மாள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. சடையன் மிஷினைக் கீழே வைத்தார். பாத்திரக்காரத் தெருவில் இருபது வருடமாகப் பெயர் வெட்டுகிறவர். ஊரில் பாதிப் புருஷன் பெண்டாட்டி சண்டை அவர் முன்னால்தான் நடந்திருக்கிறது.

மகள் ஓவியாவுக்குக் கல்யாணம், இன்னும் எட்டே நாள். சீர்ப் பாத்திரம் வாங்க அடி அண்ணாமலையிலிருந்து இருவரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அண்டா, குடம், அன்னக்கூடை, தாம்பாளம், கரண்டி என்று முப்பத்தாறு உருப்படி கடை வாசலில் குவிந்திருந்தது.

"மாப்பிள்ளை பேரு போடறதுதான் மரியாதை, ராணி. சம்பந்தியம்மாவே சொன்னாங்க இல்ல, 'எங்க மாறன் பேரு போட்டுடுங்க'ன்னு?"

"அவங்க சொன்னாங்க. நான் சரின்னு சொல்லலியே."

"கேட்டீங்களாண்ணா இந்த அநியாயத்த? முப்பது வருஷமா இவகூட நான் எப்படிக் குப்பை கொட்டறேன் பாருங்க!"

மூர்த்தி சிரித்தார். கோபமே வராத மனுஷன். வந்த கையோடு கடைப் பையன்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தவர். சடையனுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

"அப்ப ரெண்டு பேரையும் சேர்த்தே போட்டுடலாமா? 'மாறன் ஓவியா'ன்னு. ஜோடியா அழகா இருக்கும்மா" என்றார்.

"அட, பிரமாதம்!" என்றார் மூர்த்தி.

"வேணாம்ணா. ஓவியா மட்டும். ஒரு கரண்டி விடாம வெட்டுங்க."

அந்த நேரம் பார்த்து வேங்கிக்காலிலிருந்து சம்பந்தியம்மாவே போன் செய்தாள். மூர்த்தி எடுத்து, "இதோ, வெட்டிக்கினே இருக்காங்க சம்பந்தி" என்று இழுத்தார். ராணியம்மாள் போனைப் பிடுங்கினாள்.

"கோச்சிக்காதீங்க சம்பந்தி. பாத்திரத்துல எங்க பொண்ணு பேருதான் போடறோம்."

அந்தப் பக்கமிருந்து, "என் புள்ள பேரு அவ்ளோ கசக்குதா உங்களுக்கு? அவன் அப்பாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்ற குரல் சடையனுக்கே கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

"போச்சுடா! எட்டு நாள்ல கல்யாணத்த வெச்சுக்கினு வம்பை விலைக்கு வாங்கறா" என்று மூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதும் குரல் உயரவில்லை. "இந்தத் தெருவுக்குள்ள வண்டி விட மாட்டாங்க. நான் நடந்து போயி முனையில ஆட்டோ புடிச்சு நிறுத்தறேன். நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்கண்ணா."

வண்டி இல்லாத தெருவில், பூக்காரிகளையும் வளையல் கடைகளையும் தாண்டிப் போகும் அவர் தலை வெகுதூரம் வரை தெரிந்தது. அது மறையும் வரை ராணியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

சடையனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, தங்கமான மனுஷன் அவரு. ஒரு பேருக்காக இவ்ளோ பிடிவாதமா? மாப்பிள்ளை பேரு இருந்துட்டா என்னம்மா கொறைஞ்சுடும்?"

"எங்கப்பாவும் அப்படித்தாண்ணா நெனச்சாரு. மாப்பிள்ளைக்கு மரியாதைன்னு, எனக்குக் குடுத்த அத்தனை பாத்திரத்துலயும் 'மூர்த்தி'ன்னே வெட்டிக் குடுத்தாரு" என்றாள் ராணியம்மாள். "சீட்டாடறதுக்கு ஒண்ணொண்ணா இவரு தூக்கினு போயி வித்தப்ப, அழுதுக்கினே குறுக்க போய் நின்னேன். இதோ, இதே மாதிரி சிரிச்சுக்கினேதான் கேட்டாரு, 'இதுல உன் பேரு எங்க இருக்குது, காட்டு'ன்னு."